ராயபுரத்துல ஒரு நிமிஷ அமைதி

தெருவுல தள்ளுவண்டி வருது, அதுல கட்டின ஸ்பீக்கர் "வாங்கம்மா வாங்க, மலைப்பூண்டு, பெரிய பெரிய பல்லு, மலைப்பூண்டு"ன்னு கத்துது, நீங்க "ஐயோ, இந்தப் பொம்பளை வாயை யாராவது மூடுங்களேன்"னு ஜன்னலைச் சாத்துறீங்க பாருங்க, அந்தப் பொம்பளை நான்தான். பேரு ஸ்டெல்லா. தொழில், தெரு வியாபாரிங்களுக்கு அறிவிப்பு பேசிக் குடுக்குறது. பூண்டு, உப்பு, கோலமாவு, பழைய இரும்பு, மிக்ஸி ரிப்பேரு, எல்லாத்துக்கும் இந்த ஒரே தொண்டைதான். ராயபுரம் கல்மண்டபத்துலேர்ந்து திருவொத்தியூர் வரைக்கும் எந்தத் தெருவுல நீங்க மத்தியானம் கண்ணை மூடினாலும் என் குரல் வந்து எழுப்பும். அதுக்கு முதல்லயே ஒரு மன்னிப்பு.

வீட்டுலயே உக்காந்து பாடம் எடுக்குறவங்க, வீட்டுலேர்ந்தே மீட்டிங் பேசுறவங்க, ஆபீசர் பேசும்போது பின்னாடி குக்கர் விசிலடிச்சு மானம் போனவங்க, எல்லாரும் கிட்ட வந்து உக்காருங்க. உங்க வயித்தெரிச்சல் எனக்குப் புரியும். என் வயித்தெரிச்சலை நீங்க கொஞ்சம் கேளுங்க. எழுதும்போது பாஷையை அடக்கி வாசிக்கிறேன். கோவம் வந்தா நம்ம ஊரு பாஷை தானா எட்டிப் பாக்கும், கண்டுக்காதீங்க.

பேசாம இருக்குறதுக்கு ஒரு பரீட்சை

கதைப் புத்தகத்தை வாசிச்சு, காதுல மாட்டிக் கேக்குற மாதிரி போடுற கம்பெனி ஒண்ணு பெங்களூர்ல இருக்கு. அவங்களுக்குத் தமிழ் வாசிக்க ஆள் வேணும்னு தெரிஞ்சதும், அடையார்ல ஒரு சொந்தக்காரங்க வீட்டு பாத்ரூமுக்குள்ள உக்காந்து ஒரு பக்கம் வாசிச்சு அனுப்பினேன். ரேடியோவுல வர்ற அம்மா மாதிரி மெதுவா, வழவழன்னு, ஒவ்வொரு ழகரத்தையும் தடவிக் குடுத்து வாசிச்சேன். அங்க பொறுப்புல இருக்குற வித்யா மேடம் போன் பண்ணாங்க. குரல் பரவாயில்லையாம். ஆனா அவங்களுக்கு ரூம்தான் முக்கியமாம். "ஒரு நிமிஷம் எதுவும் பேசாம, உங்க வீட்டு ரூம்ல இருக்குற அமைதியை மட்டும் ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க. அது பாஸ் ஆனாத்தான் மத்ததெல்லாம். மாசக் கடைசிக்குள்ள வந்துடணும்"னாங்க.

இந்த வேலை எனக்கு ஏன் வேணும்னு சொல்லிடுறேன். இத்தனை வருஷமா ஊரு முழுக்கக் கத்துறேன், ஒருத்தரும் என் குரலை விரும்பிக் கேட்டதில்லை. சனங்க காதைப் பொத்துறாங்க, தலையணையைத் தலை மேல போட்டுக்குறாங்க. யாராவது ஒருத்தர் தானாத் தேடி எடுத்து, என் குரலைக் காதுல மாட்டிக்கினு, "அப்புறம் இன்னா ஆச்சு?"ன்னு ஆசையாக் கேக்கணும். சொல்லும்போதே வெக்கமா இருக்கு. ஆனா அந்த ஆசை அப்படி இருந்துச்சு எனக்கு.

எங்க வீட்டுக்காரர் அந்தோணி ஹார்பர்ல லாஷிங் வேலை பாக்குறாரு. அதாவது கப்பல் மேல அடுக்கின கன்டெய்னரெல்லாம் அலையில ஆடி விழாம, இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுற வேலை. அவருகிட்ட ஓடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். சோத்துல வெச்ச கையை எடுக்காமலே என்னை ஒரு பார்வை பாத்தாரு.

"ஒரு நிமிஷம் நீ பேசாம இருக்கணுமா? வுட்டுடு ஸ்டெல்லா, இது நம்மால ஆவாது."

தனம் அக்கா கிரைண்டர்

எங்க வீடு கல்மண்டபத்துக்குப் பின்னாடி ஒரு சந்து. ஒன்றரை ரூம். அந்த அரை ரூம்தான் என் ஸ்டுடியோ. போனை ஸ்டாண்டுல மாட்டி, மூச்சைப் பிடிச்சுக்கினு ஒரு நிமிஷம் ரெக்கார்டு பண்ணேன். போட்டுக் கேட்டா, மாதாவே! ட்ரெய்லர் லாரி ஆரன். ரயில்வே யார்டுல கூட்ஸ் வண்டி பொட்டிங்க ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிறது. மீன் கம்பெனியில ஐஸ் ஒடைக்கிற மிஷின். கோயில் மைக்குல ஒருத்தர் "செக், செக்"னு சொல்லிக்கினே இருக்காரு, என்னத்த செக் பண்றாரோ, இன்னி வரைக்கும் முடியல. இதெல்லாத்துக்கும் அடியில, சுவத்துக்கு அந்தப் பக்கம் தனம் அக்காவோட இட்லி மாவு கிரைண்டர் கடகடன்னு ஓடுது. அக்கா மாவு வியாபாரம் பண்றவங்க. அவங்க கிரைண்டரும் என் மைக்கும் ஒரே சுவத்துல முதுகு சாஞ்சு உக்காந்திருக்கு.

ராத்திரி பண்ணலாமேன்னு கேக்குறீங்க, இல்ல? எல்லாரும் அதான் கேட்டாங்க. பகல்ல நிறுத்தி வெச்ச ட்ரெய்லரெல்லாம் ராத்திரிதான் ஹார்பர் கேட்டுக்கு வரிசை கட்டும். எங்க ஏரியாவுல பகல்தான் ரெஸ்ட்டு.

தனம் அக்காவைக் கூப்பிட்டு, இயர்போனை அவங்க காதுல வெச்சு, "கேளு, உன் மிஷினு என் பொழப்பை இன்னா பண்ணுதுன்னு கேளு"ன்னேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டாங்க. மூஞ்சி அப்படியே மலர்ந்துடுச்சு.

"இன்னாமா ஷோக்கா கேக்குது! இத்த எனக்கு அனுப்பேன், கிரைண்டர் வித்த கடைக்காரனாண்ட போட்டுக் காட்டணும், உள்ள ஏதோ கல்லு ஒரசுற மாதிரி கீது பாரு."

பூனைங்க ஆதரவு

ஸ்டுடியோ கட்டித் தர்ற ஒருத்தரை விசாரிச்சேன். அவர் சொன்ன ரேட்டுக்கு, பேசாம வேற ஊர்ல வீடே பாத்துக்கலாம். சரி, கம்மி செலவுல எப்படின்னு போன்ல வீடியோ வீடியோவாப் பாத்தேன். ஒருத்தர் பஞ்சுங்குறாரு, ஒருத்தர் முட்டை அட்டைங்குறாரு, ஒருத்தர் தெர்மோகோல்ங்குறாரு. தெர்மோகோல்னு காதுல விழுந்ததும் அந்தோணி எழுந்துட்டாரு. "அட, அதுக்கு ஏன் பேஜாரு? காசிமேட்டுல அது குப்பையாக் கெடக்குது!"

மறுநாள் மீன்பாடி வண்டி நெறைய மீன் பெட்டி வந்து எறங்குச்சு. ஐஸ் போட்டு மீன் அனுப்புவாங்களே, அந்த வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. சோப்பு போட்டேன், எலுமிச்சம்பழம் தேச்சேன், பினாயில் ஊத்தினேன், மாடியில காய வெச்சேன். மோந்து பாத்தா வாசனையே இல்லை. தகடு தகடா அறுத்து நாலு சுவத்துலயும் ஒட்டினோம். ரூம் பளபளன்னு ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடுச்சு. கதவைச் சாத்திக்கினு ரெக்கார்டு பண்ணா, கிரைண்டர் முன்ன விட நல்லாக் கேக்குது. தெர்மோகோலுக்கு வெயிட்டே இல்லையே, அது எங்க சத்தத்தைத் தடுக்கும்? இது எனக்கு அப்போ தெரியல.

மத்தியான வெயில் சுவத்துல ஏறுச்சு. அவ்ளோதான். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா எழுந்து வந்துச்சு. கூடவே பூனைங்களும் வந்துச்சு. ஜன்னல்ல ரெண்டு, ஓட்டு மேல நாலு, வாசப்படியில ஒரு குடும்பமே. எல்லாம் சேந்து பாடுது. அந்த நேரம் பாத்து உப்பு வியாபாரி ஆறுமுகம் புது அறிவிப்பு பேசி வாங்கிக்கினு போக வந்தாரு. வாசல்லயே நின்னு மூக்கை உறிஞ்சினாரு. சுவத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு.

"யக்கா, புதுசா கருவாடு போடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, நம்மாண்டயே மூட்டை மூட்டையா உப்பு கீதே?"

ரெண்டு ஸ்டெல்லா

தெர்மோகோலைப் பேத்து எடுத்துட்டு, ஜன்னலுக்குப் பழைய மெத்தையும் கதவுக்கு ஜமுக்காளமும் கட்டினேன். கொஞ்சம் அடங்குச்சு. ஒருநாள் மத்தியானம் பாருங்க, தனம் அக்கா மாவு வழிச்சு எடுக்குறாங்க, கிரைண்டர் ஓடல. ஐஸ் மிஷின் ஓடல. கோயில் மைக்குக்காரர் சாப்பிடப் போயிட்டாரு. ரோடு காலி. ரெக்கார்டைத் தட்டினேன். பாதி நிமிஷம் ஆச்சு. முக்கால் நிமிஷம் ஆச்சு. மனசுக்குள்ள அருள் நிறைந்த மரியே சொல்லிக்கினு இருக்கேன்.

"வாங்கம்மா வாங்க! மலைப்பூண்டு!"

தெருமுனையில நானே வர்றேன்! பூண்டு வியாபாரி செல்வத்தோட தள்ளுவண்டி. ஸ்பீக்கர் முழுச் சத்தத்துல. அப்படியே வெளிய ஓடினேன். "நிறுத்துடா! நிறுத்து!"ன்னு கத்துறேன். அவன் காதுல விழல, ஏன்னா நான் வண்டி மேலேர்ந்து அதை விடச் சத்தமா "பெரிய பெரிய பல்லு"ன்னு கத்துறேன். "வாயை மூடு!"ன்னேன். "வாங்கம்மா வாங்க!"ன்னு நானே பதில் சொன்னேன். "சனியனே!"ன்னேன். "மலைப்பூண்டு!"ன்னேன். செல்வம் முழிக்கிறான், "நீ பேசிக் குடுத்ததுதானக்கா"ங்குறான். தெருவே கூடிடுச்சு. தனம் அக்கா கையில மாவோட வாசல்ல நின்னு, கூட்டத்துல நின்ன அந்தோணியைப் பாத்துத் தலையில அடிச்சுக்கினாங்க.

"ஒத்த ஸ்டெல்லாவுக்கே நீ நொந்து போயிக் கெடக்குற, இப்ப ரெண்டா ஆயிட்டாங்களேப்பா, இன்னா பண்ணுவ?"

டோல்கேட் ரப்பர்

டோல்கேட்டாண்ட காதர் பாய்னு ஒருத்தர் பழைய இரும்புக் கடை வெச்சிருக்காரு. என்னோட ரொம்ப நாள் கஸ்டமர். அவருக்கு அறிவிப்பு குடுக்கப் போனப்போ போன் வந்துச்சு. ரோட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, அப்படியே நகந்து நகந்து கடைக்குப் பின்னாடி போயிட்டேன். அங்க தடிமனா கறுப்பு ரப்பர், சுருட்டிச் சுருட்டி ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தாங்க. ரெண்டு அடுக்குக்கு நடுவுல நின்னா, லாரி சத்தம் எங்கயோ அடுத்த ஊருக்குப் போயிடுச்சு. வெளிய வந்தேன், லாரி. உள்ள போனேன், அமைதி. வெளிய, உள்ள, வெளிய, உள்ள. கடையில வேலை செய்யுறவங்க வேலையை வுட்டுட்டு என்னையே பாத்தாங்க.

நிலக்கரி, உரமெல்லாம் அள்ளிப் போற கன்வேயர் பெல்ட்டு அது. தேஞ்சு போனா எடைக்குப் போட்டுடுவாங்க. ஒரு துண்டைத் தூக்க நாலு ஆளு வேணும். சத்தத்தை நிறுத்துறதுக்கு வெயிட்டு வேணும், பஞ்சும் தெர்மோகோலும் சும்மா உதாருன்னு எனக்கு அன்னிக்குத்தான் மண்டையில ஏறுச்சு. அந்தோணியோட கூட வேலை செய்யுறவங்க வந்தாங்க. வாடகை வீடு, சுவத்துல ஆணி அடிச்சா வீட்டுக்காரம்மா நம்மளை அடிச்சுடுவாங்க. அதனால பழைய பலகையில சட்டம் அடிச்சு நிக்க வெச்சு, அதுல ரப்பரை மாட்டி, மேல மெத்தை, அதுக்கு மேல ஜமுக்காளம். குளிரு கன்டெய்னர் கதவுல ஓரமா ஒரு ரப்பர் பட்டை இருக்கும், காத்து போகாம இருக்கறதுக்கு, அதையும் காதர் பாய்கிட்டேர்ந்து வாங்கி எங்க கதவைச் சுத்தி ஒட்டினோம். விரல் நுழையுற இடுக்கு ஒண்ணு இருந்தா போதும், மொத்த ராயபுரமும் அது வழியா உள்ள வந்துடும்.

வண்டியில ஏத்தும்போது காதர் பாய் ரொம்ப நேரம் யோசனையா நின்னாரு. கடைசியில கிட்ட வந்து ரகசியமாக் கேட்டாரு.

"கோச்சுக்காதேம்மா, வூட்டுக்குள்ளயே நிலக்கரி எறக்கப் போறியா?"

கப்பல் கட்டு

கதவுலயும் ரப்பர் மாட்டினதும் அது கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஆனா சட்டத்தோட ஒட்டி நிக்காம ஒரு ஓரம் வாயைப் பொளந்துச்சு. அந்தோணிக்கு இது மானப் பிரச்சினை. "கடல் நடுவுல பொட்டி ஆடாம கட்டுறவன் நானு, வூட்டுக் கதவு என்னாண்ட உதார் வுடுதா?"ன்னு சொல்லி, கப்பல்ல கன்டெய்னரை இறுக்குற பெரிய திருகுக் கம்பியை மாட்டினாரு. திருகத் திருகக் கதவு போய் அப்படியே அமுங்கும். பழகின கை பாருங்க, கப்பல்ல எப்பவும் பொட்டிக்கு வெளியிலேர்ந்துதானே கட்டுவாங்க? இங்கயும் வெளிப்பக்கமா மாட்டிட்டாரு. பொட்டிக்குள்ள பொண்டாட்டி இருக்கான்னு அவருக்குத் தோணல. எனக்கும் தோணல. "உள்ள போய் நில்லு, டைட்டா கீதா பாக்கலாம்"னாரு, போய் நின்னேன். சும்மா பாக்கத்தானேன்னு போனையும் வெளியிலயே வெச்சுட்டேன். அவர் முழு பலத்தோட திருகினாரு. கப்பலே கவுந்தாலும் கதவு தொறக்காது. அதே நேரம் அவருக்கு மேஸ்திரி போன் பண்ணிட்டாரு. பேசிக்கினே டீக்கடைக்குப் போயிட்டாரு.

நான் தட்டினேன். ரப்பரைத் தட்டினா மெத்துன்னுதான் இருக்கு. கத்தினேன். முதல்ல "என்னங்க"ன்னேன், அப்புறம் "யோவ்"னேன், அப்புறம் எழுதக் கூடாததெல்லாம் சொன்னேன். பூண்டுக் குரல், உப்புக் குரல், பழைய இரும்புக் குரல், என்கிட்ட இருக்குற அத்தனை குரலையும் எடுத்து வுட்டேன். வேர்த்து ஊத்துது. ஒருத்தரும் வரல. வெளிய நடந்தது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. தனம் அக்கா சட்னி குடுக்க வந்திருக்காங்க. கதவு இறுக்கி இருக்குறதைப் பாத்துட்டு, ஆஹா, ரெக்கார்டிங் நடக்குதுன்னு, செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, அப்படியே வாசல்ல குந்திட்டாங்க. வந்தவங்களையெல்லாம் வாயில விரலை வெச்சு அடக்கியிருக்காங்க. செல்வம் வந்து அவனும் குந்திட்டான். பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க ரெண்டு பேரு. உள்ள நான் தொண்டை கிழியக் கத்துறேன், வெளிய ஒரு கூட்டமே பயபக்தியா உக்காந்திருக்கு.

அந்தோணி போண்டாவோட வந்து திருகைக் கழட்டினாரு. நான் பேய் மாதிரி தலையை விரிச்சுக்கினு வெளிய பாஞ்சேன். எல்லாரும் கையைத் தட்டுறாங்க! "நான் கத்தினது கேக்கலையா?"ன்னேன். "கத்துனியா?"ன்னாங்க. வந்த கோவமெல்லாம் எங்கயோ போயிடுச்சு. தனம் அக்காவைக் கட்டிப் பிடிச்சு, "சத்தியமா கேக்கலையா? துளி கூடவா?"ன்னு குதிக்கிறேன். போண்டாவைப் பிடுங்கி எல்லாருக்கும் குடுத்தேன். அக்கா மூச்சு வாங்கிக்கினே சொன்னாங்க.

"மாதா மேல சத்தியமா கேக்கலடி, நீ கூவி இந்தத் தெருவுக்குக் கேக்காதது இதான் பஸ்ட்டு தபா!"

கோலமாவுக்காரர் புகார்

திருகை உள்பக்கமா மாத்தினதும், சோதனைக்காக ஒரு கோலமாவு வியாபாரிக்கு அறிவிப்பை அந்த ரூம்ல பதிவு பண்ணிக் குடுத்தேன். என் வாழ்க்கையிலயே அவ்ளோ சுத்தமா என் குரலை நான் கேட்டதில்லை. நாக்கு பல்லுல படுறது கூடக் கேக்குது. பெருமையாத்தான் குடுத்து அனுப்பினேன். ரெண்டாம் நாளே திரும்பி வந்துட்டாரு மனுஷன்.

"முடியலக்கா, காதாண்ட வந்து யாரோ கிசுகிசுக்குற மாதிரி கீது, பொம்பளைங்க பயந்துகினு கதவைச் சாத்துறாங்க, முன்ன மாதிரி பின்னாடி ரெண்டு லாரி வுட்டுக் குடு."

வயிறு

இனிமே என்ன, ஒரு நிமிஷம் சும்மா உக்காந்தா முடிஞ்சதுன்னுதானே நெனப்பீங்க? நானும் அப்படித்தான் நெனச்சேன். ஊரு சத்தம் போன பிறகுதான் தெரியுது, நானே ஒரு ஊருன்னு. மூச்சு விட்டா பஸ்ஸுக்குக் காத்தடிக்கிற மாதிரி கேக்குது. வளையலைக் கழட்டினேன். புடவை சரசரங்குது, நைட்டிக்கு மாறினேன். அப்புறம் வயிறு. பசியில ஒரு இழுப்பு இழுத்துச்சு பாருங்க, அந்த மைக்குல கூட்ஸ் வண்டி தோத்துடும். சரின்னு சாப்பிட்டு வந்து உக்காந்தேன். இப்ப ஏப்பம். மாசக் கடைசி நாள் வேற வந்துடுச்சு. பொறுமை போய், ரெக்கார்டைத் தட்டிட்டு, நானே வெளிய வந்து, திருகை மறுபடி வெளிப்பக்கமா மாட்டி இறுக்கிட்டு நின்னுட்டேன். யாருமே இல்லாத ரூமோட அமைதி, ஒரு நிமிஷம், சுத்தமா வந்துடுச்சு. அதை அனுப்பிட்டு அந்தோணிக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டேன், அவ்ளோ சந்தோஷம்.

சாயங்காலம் மேடம் கூப்பிட்டாங்க. எடுத்ததும் குரல்ல சிரிப்பு இல்லை. அவங்க பேசி முடிச்சதும் அடுப்பாண்ட உக்காந்து அழுதேன். இத்தனை ரப்பரைத் தூக்கி, இத்தனை பேரை இம்சை பண்ணி, கடைசியில நம்ம பேரு கெட்டுப் போச்சே! அந்தோணிகிட்ட மேடம் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன்.

"ஸ்டெல்லா, ராயபுரத்துல ஒரு வீட்டுல மூச்சுச் சத்தம் கூட இல்லாத அமைதின்னா யாரும் நம்ப மாட்டாங்க, இது ஏதோ ஆப் போட்டுத் துடைச்ச ஃபைல், நாளைக்குக் காலையில வீடியோ கால்ல நான் நேரா பாக்குறேன், அதுலயும் ஏமாத்தினா இதோட விட்டுடலாம்."

சத்தம் போடுங்கயா

காலையில கால் வந்துச்சு. நான் ரூமுக்குள்ள, திருகை இறுக்கிட்டு, போனைக் கையில வெச்சுக்கினு நிக்கிறேன். மேடம் காதுல பெரிய ஹெட்போன். கொஞ்ச நேரம் உன்னிப்பாக் கேட்டாங்க. "ஒண்ணும் கேக்கலைதான். ஆனா சத்தத்தைப் போனே வடிகட்டிடுதா, இல்ல உங்க ரூம் தடுக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்? கதவைத் திறங்க. வெளிய எவ்ளோ சத்தம்னு கேக்குறேன்"னாங்க. எனக்கு ஒரே குஷி. கேளு தாயி, நல்லாக் கேளுன்னு திருகைக் கழட்டி, கதவைத் தொறந்து, வாசலுக்கு வந்து போனைத் தெருப் பக்கம் நீட்டினேன்.

தெருவுல சத்தமே இல்லை.

எனக்குத் தெரியாம அந்தோணி காலையிலயே தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்காரு, இன்னிக்கு ஸ்டெல்லாவுக்குப் பரீட்சை, யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு. தனம் அக்கா கிரைண்டரை அணைச்சுட்டு, வாயைப் பொத்திக்கினு நிக்கிறாங்க. செல்வம் ஸ்பீக்கரைக் கொழந்தை மாதிரி கட்டிப் பிடிச்சிருக்கான். கோயில் மைக்குக்காரர் மைக்கோட வொயரையே பிடுங்கிக் கையில வெச்சுக்கினு நிக்கிறாரு. தெருமுனையில ஒரு ட்ரெய்லரை, இஞ்சினை அணைக்கச் சொல்லி, ரெண்டு கையையும் விரிச்சு மறிச்சுக்கினு எங்க வீட்டுக்காரர். எல்லார் மூஞ்சியிலயும் அப்படி ஒரு பாசம். பாவிங்க!

"வெளியிலயும் அமைதியாத்தான் இருக்கு. அப்ப உங்க ரூம்ல என்ன விசேஷம்? சரி ஸ்டெல்லா, நான் வெச்சிடுறேன்"னு மேடம் சொல்றாங்க. சத்தம் போடுங்கன்னு கையை மேல மேல தூக்கிக் காட்டினேன். இன்னும் அமைதியா இருக்கச் சொல்றேன்னு நெனச்சுக்கினு, ஒருத்தர் செருப்பைக் கூடக் கழட்டிட்டாரு. அதுக்கு மேல என்னால தாங்க முடியல. ரேடியோக் குரலாவது, ழகரமாவது.

"யோவ்! இன்னாயா எல்லாம் பொணம் கணக்கா நின்னுகினு கீறீங்க? சத்தம் போடுங்கயா! தனம் அக்கா, கிரைண்டரைப் போடு! டேய் செல்வம், பூண்டை அலற வுடுடா! யோவ் அந்தோணி, அந்த ட்ரெய்லர்காரன் ஆரனை இன்னா பூஜை பண்றதுக்கா வெச்சுகினு கீறான்? அமுக்கச் சொல்லுயா!"

ஒரு நொடி எல்லாரும் முழிச்சாங்க. அப்புறம் பாருங்க, ராயபுரம் வெடிச்சுது! ஆரன் அலறுது, கிரைண்டர் கடகடங்குது, ஸ்பீக்கர் கத்துது, "செக், செக்"குங்குது, சும்மா நின்னவங்கெல்லாம் தட்டு, குடம், தகரம்னு கைக்குக் கெடச்சதைத் தட்டுறாங்க. அந்தோணி இரும்புக் கேட்டைக் கம்பியால அடிச்சுக்கினு ஆடுறாரு. நான் போனோட உள்ள ஓடி, கதவைச் சாத்தித் திருகினேன். எல்லாம் கப்புன்னு அடங்கிப் போச்சு. தொறந்தேன், திருவிழா. சாத்தினேன், ஒண்ணுமில்லை. மேடம் ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு, மேசை மேல கவுந்து சிரிக்கிறாங்க. சிரிச்சு முடிச்சுக் கண்ணைத் தொடச்சுக்கினு அவங்க சொன்னதைக் கேட்டுட்டு, நான் அந்த ரப்பர் ரூமுக்குள்ளயே நின்னு, யாருக்கும் கேக்காதுங்குற தைரியத்துல, ஓன்னு சந்தோஷமா அழுதேன்.

"ரூம் பாஸ் ஸ்டெல்லா, ஆனா நீங்க அனுப்பின அந்த ரேடியோ குரல் எனக்கு வேண்டாம், இப்ப வாசல்ல நின்னு ஒருத்தங்க கத்தினாங்களே, கதையை அவங்களை வாசிக்கச் சொல்லுங்க, நானே உக்காந்து கேப்பேன்."

ஆக, வீட்டுல ஒரு ரூமைக் கம்மி செலவுல சத்தமில்லாம ஆக்கணும்னா, ரப்பர் வேணும், பலகை வேணும், இடுக்கில்லாத கதவு வேணும், அதெல்லாத்துக்கும் மேல, அந்தக் கதவைத் தொறந்து வாய் விட்டுக் கத்தினா கூடச் சேந்து கத்துறதுக்குத் தெரு நெறைய சனம் வேணும்.